ஏழாம் மாடிக்கு ஒரு வாக்கியம்

1

இந்தக் கதை ஓர் இலவச மதியச் சாப்பாட்டில் பிறந்தது. கதைகள் வலியில் பிறக்கின்றன, மௌனத்தில் பிறக்கின்றன என்று மேடையில் உருகும் எழுத்தாளர்களை நானும் கேட்டிருக்கிறேன். அவர்களையும் சாப்பாடு போட்டுத்தான் அழைத்து வந்திருப்பார்கள்.

என்னை அழைத்தது மருத்துவர்களின் கருத்தரங்கு ஒன்று. மேடைக்குப் பின்னால் ‘கிருமிகளுக்கு எதிரான இறுதிப் போர்’ என்று பதாகை. வரவேற்புரை ஆற்றியவர் கிருமிகளை எச்சரித்தார். தலைமையுரை ஆற்றியவர் கிருமிகளை ஒருபோதும் மன்னிக்க மாட்டோம் என்றார். மதியத்துக்கு மேல் அரங்கம் தூங்கிவிடும், நகைச்சுவை எழுத்தாளர் ஒருவரைப் பேச வைத்தால் விழித்திருக்கும் என்பது ஏற்பாட்டாளர்களின் யோசனை. நான் பேசினேன். தூங்கினார்கள்.

சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே ஒரு பெண் மருத்துவர் உட்கார்ந்திருந்தார். நோயாளிகளைப் பார்ப்பவர் அல்ல. நோயாளிகளிடமிருந்து எடுத்து அனுப்பும் சளியையும் சீழையும் தட்டில் பரப்பி, எந்தக் கிருமி வளர்கிறது, எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்ப்பவர். கிருமி டாக்டர் என்று வைத்துக்கொள்வோம்.

“போர் போர்ங்கிறாங்களே டாக்டர், யாரு ஜெயிக்கிறது?” என்று கேட்டேன்.

“அதுங்கதான்,” என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டே. “கொனோரியான்னு ஒண்ணு இருக்கு சார். படுக்கையில ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்குப் போறது. நாம எந்த மருந்து கண்டுபிடிச்சாலும் அதுக்குப் பழகிடும். ஆனா வேடிக்கை என்னன்னா, அதே கிருமியை வெளிய எடுத்துக் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜ்ல வெச்சீங்கன்னா செத்துரும். குளிர் தாங்காது. தனியா இருக்கத் தெரியாது. மனுஷ உடம்புச் சூடு வேணும் அதுக்கு.”

“அப்ப என்னை மாதிரிதான்,” என்றேன், நகைச்சுவையாக.

அவர் சிரிக்கவில்லை. தண்ணீர் குடித்தார்.

2

அந்த வாரமே ஒரு பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். விழிப்புணர்வுச் சிறப்பிதழ் போடுகிறார்களாம். “ஏதாவது ஒரு நோயைப் பத்தி கலகலன்னு எழுதிக் குடுங்க சார்.” நான் நோயின் பெயரைச் சொன்னேன். மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது.

“சார், நம்மளது குடும்பப் பத்திரிகை.”

“குடும்பத்துலயும் வருது சார்.”

“வரட்டும். பேரு மட்டும் வர வேண்டாம். அந்தரங்கத் தொற்றுன்னு போட்டுக்கலாம். கடைசியில ஒரு நல்ல கருத்து வந்துரணும்.”

உட்கார்ந்தேன். தொடக்கங்கள் கீழ்வருமாறு.

மனித குலத்தின் மாபெரும் மருத்துவச் சாதனைகளைத் தகர்த்தெறியும் வல்லமை கொண்ட ஒரு நுண்ணுயிரி இன்று நம் வாசற்கதவைத் தட்டிக்— [தட்டட்டும். திறக்கப்போவதில்லை. இப்படித் தொடங்கும் எதையும் நானே படிக்க மாட்டேன்.]

நான் ஒரு கிருமி பேசுகிறேன். எனக்கும் குடும்பம் உண்டு, எனக்கும்— [பள்ளிக்கூடக் கட்டுரை. ‘நான் ஒரு குடை’, ‘நான் ஒரு நாற்காலி’ எழுதி வாங்கிய மதிப்பெண்ணே போதும்.]

அவருக்கு அங்கே எரிந்தது. [உண்மை. ஆனால் ஆசிரியர் மயங்கி விழுந்துவிடுவார்.]

மூன்றாவதைத்தான் வைத்துக்கொண்டேன். ‘அவர்’ யார் என்பதுதான் தெரியவில்லை. கருத்தரங்கில் வாங்கிய எண்ணுக்கு, சந்தேகம் கேட்பது போல, கிருமி டாக்டருக்கே போன் செய்தேன். அவர் ஒரு சம்பவம் சொன்னார். அது ஐந்தாவது பகுதியில் வருகிறது. “அந்த மனுஷன் யாரு டாக்டர்?” என்று கேட்டேன்.

“எங்களுக்கு நம்பர்தான் சார் வரும். ஆளு வராது.”

ஆகவே ஆளை நான் செய்ய வேண்டியதாயிற்று.

3

லிஃப்ட் பழுதுபார்ப்பவர். நாற்பதைத் தாண்டியவர், எவ்வளவு தாண்டினீர்கள் என்று கேட்டால் முகம் சுருங்குகிற அளவுக்குத் தாண்டியவர். மனைவி பிரிந்துபோய் வேறோர் ஊரில், லிஃப்ட் இல்லாத ஒரு வீட்டில் நலமாக இருக்கிறாள். இவர் ஓர் அறையில் இருக்கிறார். அங்கே இரண்டு தலையணைகள் உண்டு. ஒன்றில் தலை வைப்பார். மற்றதில் போனை வைப்பார்.*

(* என் அக்கா இந்த இடம்வரை படித்துவிட்டு, “டேய், இது உன் கதையா?” என்றாள். “ஏன்க்கா, எனக்கு லிஃப்ட் ரிப்பேர் பண்ணத் தெரியுமா?” என்றேன். “உனக்கு பல்பு மாத்தவே தெரியாது. நான் தலகாணியைக் கேட்டேன்.” மேற்கொண்டு எதையும் அவளிடம் காட்டுவதில்லை என்று முடிவு செய்தேன்.)

அந்த போனுக்கு ஒரு காரணம் இருக்கிறது. நகரத்தில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட்டுகளில் அவசரப் பொத்தானை அழுத்தினால் மணி அடிப்பது அவருடைய போனில். உள்ளே மாட்டிக்கொண்டவரிடம் பேசுவதற்கு அந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. எது கெட்டுப்போயிற்று என்று சொல்லக் கூடாது. எவ்வளவு நேரமாகும் என்று சொல்லக் கூடாது. ‘ஒண்ணுமில்லீங்க, சின்ன விஷயந்தான், பேசிட்டே இருங்க’ என்று மட்டும் சொல்ல வேண்டும். அறுந்து தொங்குவது எதுவானாலும் அது சின்ன விஷயந்தான். பல வருடங்களாக இதையே சொல்லி அவருக்கு நாக்கில் தழும்பேறிவிட்டது. (இதை நினைவில் வையுங்கள். கதை இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டு நிற்கப்போகிறது.)

ஒரு மாலை ஒருத்தி மாட்டிக்கொண்டாள். ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவில். கண்ணாடிக் கடை ஒன்றில் கண் பரிசோதிக்கிற வேலை; ஏழாம் மாடியில் தனியாகக் குடியிருப்பவள். லிஃப்ட்காரர் வந்து சேர்ந்து மூடிய கதவுக்கு வெளியே உட்கார்ந்து வேலை பார்த்தார்.

“இருக்கீங்களா?” என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

“இருக்கேன்மா.”

“அம்மாவா? குரலைக் கேட்டா அவ்ளோ வயசான மாதிரியா இருக்கு?”

“குரல்ல வயசு தெரியாதுங்க.”

“தெரியும். உங்களுக்கு நாப்பத்தஞ்சு.”

லிஃப்ட்காரரின் கையிலிருந்து திருப்புளி விழுந்தது.

“என்ன சத்தம்? கயிறு அறுந்துருச்சா?”

“ஒண்ணுமில்லீங்க. சின்ன விஷயந்தான்.”

“பொய். சின்ன விஷயம்னா இப்படி மூச்சு வாங்க மாட்டீங்க. இருக்கீங்களா?”

“இருக்கேங்க. எங்க போவேன்?”

கதவு திறந்தபோது அவள் தலை அவருடைய முழங்கால் உயரத்தில் இருந்தது. கைகொடுத்துத் தூக்கினார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்து, “நாப்பத்தேழு,” என்றாள்.

அதன் பிறகு அவள் அடிக்கடி அந்த எண்ணுக்கு அழைத்தாள். “மாட்டிக்கிட்டீங்களா?” என்று அவர் பதறுவார். “இல்ல லிஃப்ட் சார், வீட்டுலதான் மாட்டிட்டு இருக்கேன். சும்மா பேசுங்க.” அவர் அவள் எண்ணை ‘ஏழாம் மாடி’ என்று சேமித்தார்.

4

இங்கே ஒரு சங்கடம். லிஃப்ட்காரருக்கு நோய் ஏழாம் மாடியிடமிருந்து வரவில்லை. அவளைச் சந்திப்பதற்கு முன்பே, வெளியூர் வேலைக்குப் போன இடத்தில் வந்தது. யாரிடமிருந்து என்று கேட்பீர்கள். தெரிந்து என்ன செய்யப்போகிறீர்கள்? போய்ப் பார்த்துவிட்டு வரப்போகிறீர்களா? அவரைப் போலவே தனியாக இருந்த யாரோ ஒருவர். இரண்டு பேரும் மறுநாள் காலை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் செருப்புத் தேடினார்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஊர் திரும்பியதும் எரிந்தது. உள்ளாடையில் மஞ்சளாகக் கறை. அரசு மருத்துவமனையின் பின்புறம் பெயர்ப்பலகை இல்லாத ஒரு கதவு இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த ரகசியமானதால் பலகை தேவைப்படவில்லை. உள்ளே காத்திருக்கும் கூடத்தில், ஒவ்வொருவரும் பக்கத்து நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்திருந்தார்கள். புதிதாக வருபவர் அந்தக் காலி நாற்காலியில் உட்காராமல் சுவரில் சாய்ந்து நிற்பார். சத்தத்தை அணைத்துவிட்டு ஓடும் தொலைக்காட்சியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். மனிதர்கள் இவ்வளவு நெருங்கியதால் வந்த நோய்க்கு இவ்வளவு தள்ளி உட்காருகிறார்கள்.

ஊசி போட்டார்கள். மாத்திரை கொடுத்தார்கள். இந்த இடத்தில் ஆசிரியர் குறுக்கிட்டார்.

“சார், மாத்திரையைப் பாதியில நிறுத்திட்டார்னு வெச்சிருங்க. மக்களுக்கு ஒரு பாடமா இருக்கும்.”

வைக்க மாட்டேன். எல்லா மாத்திரையையும் சொன்ன வேளைக்குச் சாப்பிட்டார். அந்தக் கிருமி அவரிடம் வருவதற்கு முன்பே எத்தனையோ உடம்புகளில் தங்கி, எத்தனையோ மருந்துகளோடு பழகித் தேறி வந்தது. அவர் செய்த தப்பெல்லாம் அந்த வரிசையின் கடைசியில் வந்து நின்றதுதான். பாவம் செய்தவருக்குத்தான் மருந்து கேட்காது என்று எழுதினால் பாவம் செய்யாதவர்களுக்கு நன்றாகத் தூக்கம் வரும். அவர்களைக் கருத்தரங்கிலேயே தூங்க வைத்துவிட்டேன்.

எரிச்சல் குறைந்தது. ஆனால் முழுதாகப் போய்விட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை. “இன்னொரு தடவை டெஸ்ட் எடுத்துப் பாத்துருவோம்,” என்றார் அங்கிருந்த சிகிச்சை டாக்டர். ஏழாம் மாடி அந்த வாரம் மூன்று முறை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். லிஃப்ட்காரர் மூன்று முறையும் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு, வேலை இல்லாமல் அறையில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். எழுதுவதற்குச் சிரமமான ஜாதி.

5

கிருமி டாக்டர் சொன்ன சம்பவம் இதுதான்.

சிகிச்சை அறை ஒரு கட்டடம். பரிசோதனைக் கூடம் முற்றத்தைத் தாண்டி இன்னொரு கட்டடம். மற்ற நோயாளிகளின் மாதிரிகள் எல்லாம் பெட்டியில் சேர்ந்து, சாவகாசமாகப் போகும். இந்த நோய்க்கான பஞ்சுக் குச்சி மட்டும் அப்படிப் போகாது. நர்ஸம்மா குச்சி இருக்கும் குழாயை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு முற்றத்தின் குறுக்கே ஓடுவார். கைச்சூடு குறைவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆறினால் கிருமி செத்துவிடும், செத்த கிருமி சாட்சி சொல்லாது. அங்கே யாரும் அதை விதியாக எழுதி வைக்கவில்லை. ஓடுகிறவரைப் பார்த்து அடுத்தவர் ஓடினார், அவ்வளவுதான்.

இப்படி ஓடுவதைப் பெரிய அதிகாரி ஒருநாள் பார்த்துவிட்டார். ஊரில் எது திறந்தாலும் நாடா வெட்டுபவர். ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் கத்தரிக்கோல். ஒரு நவீன மருத்துவமனையில் ஊழியர்கள் ஓடுவது அவருக்கு அநாகரிகமாகப் பட்டது. சிகிச்சை அறைக்குப் புத்தம் புதிய ஃப்ரிட்ஜ் ஒன்று வந்தது. அதற்கும் நாடா கட்டினார்கள். அவர் வெட்டினார். “குளிர்பதனச் சேமிப்பில் இன்று நாம் ஒரு புதிய சகாப்தத்துக்குள் காலடி எடுத்து வைக்கிறோம்,” என்று பேசினார். ஃப்ரிட்ஜுக்குள் யாரும் காலடி எடுத்து வைக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து எல்லா மாதிரியும் அதற்குள்தான் என்று உத்தரவானது.

“நீங்க தடுக்கலையா டாக்டர்?”

“நான் ஊர்ல இல்ல சார்.” பிறகு அவரே தொடர்ந்தார். “கருத்தரங்குக்கு வந்திருந்தேன். உங்க எதிர்ல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்.”

இந்தத் தற்செயல் எனக்கே கூச்சமாக இருக்கிறது. வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன். ஃப்ரிட்ஜில் வைத்தால் செத்துவிடும் என்று அவர் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்த வேளையில், ஒரு குச்சி ஃப்ரிட்ஜில் இருந்தது. நான் ‘என்னை மாதிரிதான்’ என்று நகைச்சுவை செய்துகொண்டிருந்தேன்.

‘கிருமி வளர்ச்சி இல்லை’ என்று முடிவு வந்தது. லிஃப்ட்காரருக்கு அது வந்த விதத்தை மட்டும் நான் எழுதுகிறேன்.

“சுத்தமாயிட்டீங்க,” என்றார் சிகிச்சை டாக்டர்.

“அப்ப நான் இனிமே... யாரோடயாவது...”

“தாராளமா.”

அன்று மாலை அவர் ஏழாம் மாடிக்குப் போனார். லிஃப்ட் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அவரே போன வாரம் எண்ணெய் போட்டது. ஆனாலும் படியேறினார். அவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட அவருக்கு மனமில்லை. சந்தோஷத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்து பார்க்க வேண்டும் போல இருந்தது.

உள்ளே நடந்ததை எழுத மாட்டேன். குடும்பப் பத்திரிகை என்பதற்காக அல்ல. இரண்டு பேரும் அவ்வளவு நாள் கழித்து ஒருவரையொருவர் தொட்டார்கள். எட்டிப் பார்ப்பது அசிங்கம். பிறகு அவள் கூரையைப் பார்த்துப் படுத்துக்கொண்டு பேசியதை மட்டும் தருகிறேன்.

“சிரிக்கக் கூடாது.”

“சிரிக்கல.”

“இந்த வயசுலயும் பிள்ளை பெத்துக்கலாமாம். எனக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்காம். கேட்டுட்டு வந்தேன். உங்ககிட்ட கேக்கலை, பயந்துராதீங்க. சும்மா சொல்றேன்.”

அவர் சிரிக்கவில்லை. “இருக்கீங்களா?” என்றாள். “இருக்கேன்,” என்றார்.

6

மறுபடியும் எரிந்தது.

இந்த முறை கிருமி டாக்டரே முற்றத்தைக் கடந்து வந்து குச்சியைக் கையில் பொத்திக்கொண்டு நடந்தார். [ஓடினார் என்று எழுதியிருந்தேன். ‘எனக்கு முழங்கால் வலி சார், ஓட முடியாது’ என்றார்.] இனி இந்தக் கதையில் சிகிச்சை டாக்டரும் இவரும் ஒருவரே. நிஜத்தில் இருவர். ஆனால் கதையில் ஆள் கூடினால் யாராவது ஒருவர் தத்துவம் பேச ஆரம்பித்துவிடுவார்.

குச்சியைத் தட்டில் தடவினார். ரத்தத்தைச் சூடாக்கிப் பழுப்பாக்கிச் செய்த கூழ் அந்தத் தட்டில் இருக்கும். தட்டை ஒரு பெரிய கண்ணாடி ஜாடிக்குள் இறக்கி, பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து, மூடியை இறுக்கினார். சுடர் உள்ளே இருக்கும் காற்றைத் தின்று, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்து, தானாக அணைந்தது. அந்தப் புழுக்கத்தில்தான் இந்தக் கிருமிக்கு மூச்சு வருமாம். இத்தனை மருந்துகளை ஏமாற்றியது, ஒரு மெழுகுவர்த்திக்கும் கொஞ்சம் கதகதப்புக்கும் ஏங்கிக் கிடக்கிறது. [இந்த வரியில் ஒரு சோகக் கவிதை எட்டிப் பார்க்கிறது. கதவைச் சாத்துகிறேன்.]

வளர்ந்தது. வளர்ந்ததைப் புதிய தட்டில் பரப்பி, அதன்மேல் மருந்து தோய்த்த சின்னச் சின்ன வில்லைகளை வைத்தார். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து, வட்டமாக வெற்றிடம் தெரியும். லிஃப்ட்காரரை உட்கார வைத்துத் தட்டைக் காட்டினார். அவருக்குப் போட்ட ஊசியின் வில்லையைச் சுற்றிலும் கிருமி நெருக்கிக்கொண்டு வளர்ந்திருந்தது. பக்கத்திலும் அப்படியே. அதற்குப் பக்கத்திலும். ஓரத்தில் ஒரே ஒரு வில்லையைச் சுற்றி மட்டும் சுத்தமான வளையம்.

“இந்த ஒண்ணுதான் கேக்குது. பழைய மருந்து. இங்க ஸ்டாக் இல்ல, வரவழைக்கணும். வந்ததும் போட்டுரலாம். ஆனா...” டாக்டர் தட்டை மூடினார். “நடுவுல யாரோடயாவது இருந்தீங்களா?”

லிஃப்ட்காரர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க தாராளமான்னு சொன்னீங்க.”

“சொன்னோம். தப்பு எங்களது. அதை எங்க வேணாலும் வந்து சொல்றேன். ஆனா அவங்களுக்கு இது இருந்தா, பல சமயம் வெளிய ஒண்ணுமே தெரியாது. வலிக்காது. எரியாது. உள்ளயே இருந்து கருக்குழாயைக் கெடுத்துரும். அப்புறம் குழந்தை தங்குறது கஷ்டம். சீக்கிரம் வந்தா காப்பாத்திரலாம். நீங்க சொன்னாத்தான் அவங்களுக்குத் தெரியும்.”

“அவங்க... குழந்தை பத்திக் கேட்டுட்டு வந்திருக்காங்க, மேடம்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்களால முடியலைன்னா நாங்களே போன் பண்றோம். உங்க பேரைச் சொல்ல மாட்டோம். உங்களோட பழகின யாருக்கோ இருக்கு, வந்து பாருங்கன்னு மட்டும் சொல்வோம்.”

லிஃப்ட்காரர் முதல்முறையாகச் சிரித்தார். அழகான சிரிப்பு இல்லை.

“பேர் சொல்லலைன்னா என்ன மேடம்? அவங்களுக்கு நான் ஒருத்தன்தான்.”

அந்த வரியை நான் எழுதவில்லை. எழுதிக்கொண்டிருந்தபோது அவர் சொல்லிவிட்டார். அதன் பிறகு வெகுநேரம் எனக்குக் கேலி எதுவும் வரவில்லை. தொழில் பாதிக்கப்பட்டது.

“நானே பேசுறேன்,” என்று எழுந்தார். “இன்னிக்கே.”

7

கத்தரிக்கோலைப் பற்றிய பகுதி இது. தட்டின் முடிவைக் கேட்டு அவர் கூட்டிய அவசரக் கூட்டம், அதில் அவர் ‘வெப்பச் சேமிப்பில் ஒரு புதிய சகாப்தம்’ என்று பேசியது, மெழுகுவர்த்திக்கு நாடா கட்டியது. சிரிப்பாகத்தான் வந்திருந்தது. ஆசிரியருக்கும் பிடித்திருந்தது. நீக்கிவிட்டேன். வெளியே லிஃப்ட்காரர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போது உள்ளே உட்கார்ந்து ஜோக்கடிக்க மனம் வரவில்லை.

8

அவர் போன் செய்தார். அவள் எடுத்தாள்.

“சொல்லுங்க லிஃப்ட் சார்.”

“ஒண்ணுமில்லீங்க.”

“என்ன ஒண்ணுமில்ல?”

“சின்ன விஷயந்தான். சும்மா... சாப்டீங்களா?”

“சாப்டேன். குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? எங்க, மாட்டிக்கிட்டவங்க பக்கத்துல இருக்கீங்களா?”

“ஆமா. அப்புறம் பேசுறேன்.”

வைத்துவிட்டார். தொழில் முறை. உள்ளே இருப்பவரிடம் எது அறுந்தது என்று சொல்லக் கூடாது.

எனக்கும் அந்த இடத்தைத் தாண்டத் தெரியவில்லை. கிருமி டாக்டருக்கு போன் செய்தேன். அந்தத் தட்டு என்ன வாசனை அடிக்கும் என்று கேட்டேன். சொன்னார். ஜாடியின் மூடி எந்த நிறம் என்று கேட்டேன். அதையும் சொன்னார். மெழுகுவர்த்தி வெள்ளையா என்று கேட்டேன்.

“சார், கதைக்காகக் கேக்குறீங்களா, சும்மா கேக்குறீங்களா?”

“கதைக்காகத்தான்,” என்றேன். என் நாக்கிலும் தழும்பு இருக்கிறது போல.

“வெள்ளை,” என்றார். பிறகு, “அந்தப் பொண்ணுகிட்ட உங்க ஆளு சொல்லிட்டாரா?”

“இன்னும் இல்ல. நிஜத்துல என்ன ஆச்சு டாக்டர்?”

“நிஜத்துல அந்த நம்பர் திரும்ப வரல சார். ரெண்டாவது ரிப்போர்ட்டை வாங்க யாருமே வரல. குடுத்த போன் நம்பரும் எடுக்கல. எங்கேயோ இருக்கார். கூட யாரோ இருந்திருப்பாங்க. அவங்களும் எங்கேயோ இருக்காங்க.” பின்னால் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். “வெக்கிறேன் சார். கதையிலயாவது சொல்ல வைங்க.”

வைத்துவிட்டார். வேறு எதைப் பற்றிக் கேட்கலாம் என்று நான் கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

9

முடிவுகள்.

ஆசிரியருக்காக: அவர் சொல்கிறார். அவள் ஒரு துளிக் கண்ணீர் விட்டு, உடனே பக்குவமடைகிறாள். இருவரும் கைகோத்துப் பெயர்ப்பலகை இல்லாத கதவுக்குள் நுழைகிறார்கள். டாக்டர் புன்னகைக்கிறார். ‘தயக்கம் வேண்டாம், மருத்துவரை அணுகுங்கள்.’ மாத்திரை விளம்பரங்களில் வரும் ஜோடியைப் போல இருவருக்கும் திடீரென்று வெள்ளை உடுப்பு வந்துவிடுகிறது. [அவளை எனக்குத் தெரியும். குரலிலேயே ஆளின் வயதைக் கண்டுபிடிப்பவள். ஒரு துளியோடு நிற்க மாட்டாள். கையில் கிடைப்பதை எடுத்து எறிவாள். எறியட்டும், அவளுக்கு அந்த உரிமை உண்டு.]

நகைச்சுவை எழுத்தாளர் என்ற என் பெயருக்காக: மருந்து வரும் வண்டி வழியிலேயே நிற்கிறது, ஏனென்றால் அதற்கும் நாடா வெட்ட வேண்டியிருக்கிறது. [போதும்.]

எழுதச் சுலபமானது: அவர் சொல்வதில்லை. மருந்து வருகிறது, தான் மட்டும் போட்டுக்கொள்கிறார். குணமாகிறது. எண்ணை மாற்றிவிடுகிறார், அவசரப் பொத்தான்கள் வேறு யாருக்கோ மணியடிக்கின்றன. அவள் சில நாள் அழைத்துப் பார்க்கிறாள். தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்கிறாள். குழந்தையைப் பற்றி வாய்விட்டுப் பேசியதுதான் தப்பு என்று தீர்மானிக்கிறாள். பிறகு என்றோ, வேறு ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்து, ‘இதுக்கு முன்னாடி ஏதாவது தொற்று இருந்துச்சா?’ என்ற கேள்விக்கு, யோசித்துப் பார்த்து, இல்லை என்கிறாள். உண்மையாகவே.

இந்த மூன்றாவதை நான் ஒரே மூச்சில் எழுதினேன். ஓர் அடித்தல் திருத்தல்கூட இல்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது. உலகம் இதை ஏற்கெனவே மனப்பாடமாக வைத்திருக்கிறது. நான் வெறும் நகல் எடுத்தேன். இதை வைக்க மாட்டேன்.

10

ஆகவே அவரை மறுபடி போன் செய்ய வைக்கிறேன்.

ஏழாம் மாடிக் கட்டடத்தின் லிஃப்ட்டுக்குள் நிற்கிறார். மேலே போகவும் இல்லை, இறங்கவும் இல்லை. நிறுத்தும் பொத்தானை அவரே அழுத்தியிருக்கிறார். உள்ளே இருந்து அந்தச் சுவர்களை அவர் இத்தனை நேரம் பார்த்ததில்லை; எப்போதும் வெளியே இருப்பவர். உள்ளே கை படுகிற உயரத்தில் உலோகம் பளபளப்பாகத் தேய்ந்திருக்கிறது. மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் அங்கேதான் தட்டியிருக்கிறார்கள்.

நான் அவருக்காக எழுதிப் பார்த்த வாக்கியங்கள்:

உங்ககிட்ட ஒரு முக்கியமான விஷயம்— [டெலிபோன் கம்பெனிக்காரன் மாதிரி.]

நான் வேணும்னு செய்யல, ஆஸ்பத்திரியில ஃப்ரிட்ஜ்ல— [உண்மைதான். ஆனால் அவளுடைய உடம்பைப் பற்றிய பேச்சில் முதல் ஆளாக ஃப்ரிட்ஜ் ஏன் வர வேண்டும்?]

நாளைக்கு என்கூட ஒரு இடத்துக்கு— 

உங்களுக்கு வலிக்காது, அதான்—

நீங்க ஆசைப்பட்டது இன்னும்—

இதற்கு மேல் எனக்கு வரவில்லை. முப்பது வருடமாக மற்றவர்களின் பெரிய வாக்கியங்களில் ஊசி குத்திக் காற்றைப் பிடுங்கிப் பிழைத்தவன் நான். காற்றில்லாத ஒரு சின்ன வாக்கியத்தைச் செய்யச் சொன்னால், கையில் ஊசி மட்டும்தான் இருக்கிறது. உங்களில் யாருக்காவது வரும். யாரோ ஒருவரிடம் இதைச் சொன்னவர் இருப்பீர்கள். சொல்லாமல் விட்டவரும் இருப்பீர்கள். உங்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

அவர் பேச வேண்டிய இடத்தில் மேற்கோள்குறியைத் திறந்தே வைக்கிறேன், நீங்கள் நிரப்புங்கள். ‘ஒண்ணுமில்லீங்க’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

மணி அடித்தது. எடுத்துவிட்டாள்.

“சொல்லுங்க லிஃப்ட் சார்.”

“

“ஹலோ?”

“

“மூச்சு வாங்குறது கேக்குது. இருக்கீங்களா?”